வெந்நீர் ஊற்றில் அவித்த முட்டை

மாமா சொல்வதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று அம்மாவே சொல்வாள், அதுவும் கூடப்பிறந்த தம்பியைப் பற்றி. அந்த மாமாதான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியும் நிறுத்தாமலும் கத்தினார்.

"ஏட்டி, முக்கூடல் பக்கம் வயக்காட்டுல போர் போட்டிருக்காவ. தண்ணி பனை உசரத்துக்குப் பீச்சி அடிக்கி. பூராவும் வெந்நி!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா அப்போது கென்யாவில் இருந்தார். அங்கே பூமிக்குள்ளிருந்து கொதிநீரும் ஆவியும் பீறிட்டு வருமாம். அந்த ஆவியில் கரண்ட் எடுக்கிற இடத்தில் அவர் ஃபிட்டர். ஊற்றில் முட்டையை அவித்துத் தின்றதாக ஒருமுறை போனில் சொன்னார். "அந்த வேலைய இங்கன வந்து பாத்தா என்னப்பா?" என்று கேட்டேன். "நம்ம ஊர்ல வெந்நி ஊத்து இல்லையேம்மா" என்றார்.

இப்போதுதான் வந்துவிட்டதே! ஒரு முட்டை வெந்துவிட்டால் போதும், அப்பா பெட்டியைக் கட்டிவிடுவார். எட்டு வயதில் என் கணக்கு அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னேன். அவள் இரண்டு முட்டையைத் தனியாக எடுத்து வைத்தாள்.

மறுநாள் மாமா இரவல் வாங்கி வந்த காரில் மூவரும் கிளம்பினோம். முட்டை இருந்த தூக்குச்சட்டி என் மடியில் கதகதவென்று இருந்தது. பக்கத்தில் இருந்த எலுமிச்சைச் சாதத்தின் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் தண்ணீர் என் முழங்கால் உயரத்துக்குத்தான் குமிழிட்டது. "நேத்துப் பாத்திருக்கணும்!" என்றார் மாமா. வயல்கார அண்ணாச்சி, "வாறவன் பூரா நாத்த மிதிக்கான்" என்று புலம்பிக்கொண்டு நின்றார். ஓடிப்போய்க் கையை விட்டேன். வெயிலில் கிடந்த குழாய்த் தண்ணீர் அளவுக்குக்கூடச் சூடில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், அப்பா வர மாட்டார்.

"கைக்கு என்னட்டி தெரியும்? முட்டையப் போட்டுப் பாப்போம்" என்றாள் அம்மா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்காலில் குனிந்து, இரண்டு முட்டையையும் உள்ளங்கையில் பொத்தித் தண்ணீருக்குள் பிடித்திருந்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள். பிறகு ஒன்றை உரித்துக் காட்டினாள். வெள்ளைவெளேரென்று வெந்திருந்தது!

நான் குதித்த குதியில் இன்னும் கொஞ்சம் நாற்று மிதிபட்டது. அண்ணாச்சி அதைக் கவனிக்கவில்லை. தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மாமா எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மா முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார். மாமா பேச்சற்று நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மா போன் போட்டாள். என்னிடம் கொடுக்காமல் அவளே பேசினாள். "ஏங்க, இங்கனயும் முட்டை வெந்துட்டு. இனி என்ன சாக்கு சொல்லுவிய? வந்திருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கம் அப்பா சிரித்ததும் எனக்குக் கேட்டது. பிறகு அவர் என்னவோ சொல்லிக்கொண்டே போனார். அம்மா "ம்... ம்..." என்று கேட்டாள். "சரி, அடுத்த வருசம் பாப்போம்" என்று போனை என் கையில் கொடுத்தாள்.

உரித்த முட்டையை உப்புகூட இல்லாமல், தண்ணீரைப் பார்த்தபடி தின்றாள். கண் கலங்கியிருந்தது. வெயில் என்றாள்.

முட்டைகள் விடியற்காலையிலேயே எங்கள் வீட்டு அடுப்பில் வெந்தவை என்பது, நான் கல்லூரிக்குப் போன பிறகு மாமா சொல்லித்தான் தெரியும். சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளியில் பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற அம்மா, நான் ஏமாந்து அழுவேனே என்று முன்கூட்டியே இப்படிச் செய்திருக்கிறாள் என்று அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அப்பாவிடம் "வந்திருங்க" என்று அம்மா வாய்விட்டுச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதே இல்லை. தண்ணீர் கொதிக்க வேண்டும் என்று அந்த வயலில் ஏங்கி நின்றது நான் ஒருத்திதான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.