மூணு மணிக்கு எழுந்தவள்

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் தேறாதது கணக்கில் மட்டும்தான். இதைச் சொல்லும்போது "மட்டும்தான்" என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். வீட்டில் மற்றவர்கள் சொல்லும்போது அதை விட்டுவிடுவார்கள்.

காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்கு நடுவே வளர்ந்தவள் நான். ரிசல்ட் வந்து மூன்று மாதத்தில் கல்யாணத்தை முடித்துச் சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கணவருக்கு அண்ணாமலை நகரில் ஓர் ஆபீஸில் கிளார்க் உத்தியோகம். மாமனார் ரெவின்யூவில் இருந்து ரிடையர் ஆகி, கூடத்தில் சாய்வு நாற்காலியில் முழு நேர உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை மாமா என்றும் மாமியாரை அத்தை என்றும் கூப்பிடுவேன். இந்த நாலு பேர்தான் வீட்டில்.

எனக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற ஆசைதான் அது என்று இப்போது தெரிகிறது. ட்ரெயினிங்கில் சேர எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகியிருக்க வேண்டும். பிரைவேட்டாக மறுபடி எழுதலாம் என்று கணவர் விசாரித்துவந்து சொன்னார். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஒரே ஒரு தடவ எழுதட்டும். தேறிட்டா ட்ரெயினிங் போவட்டும். தேறலன்னா அந்தப் பேச்சையே இந்த வீட்ல எடுக்கக் கூடாது."

பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. மற்ற பாடங்கள் எப்படியும் வந்துவிடும், கணக்குதான் பயம். பகலில் படிக்க முடியாமல் போனதற்கு வேலை காரணமில்லை. நாலு பேர் வீட்டில் அப்படி என்ன பெரிய வேலை? கூப்பிடுவதுதான் காரணம். மாமாவுக்கு மோர் வேண்டும், மூக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி கிடைத்ததும் பேப்பர் வேண்டும். அத்தைக்குப் பரணிலிருந்து ஏதாவது இறக்க வேண்டும். ஒன்றும் வேண்டாதபோதும் "இன்னா பண்றே?" என்று கேட்பதற்காகக் கூப்பிடுவார்கள். ஆறு ஆட்கள் ஒரு வேலையை எட்டு நாளில் முடித்தால் நாலு ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று புத்தகத்தில் ஒரு கணக்கு வரும். அந்த ஆட்களை நடுவில் யாரும் மோர் கேட்டுக் கூப்பிடுவதில்லை. அந்தப் பொறாமையிலேயே எனக்கு விடை தப்பாக வரும்.

கணவர்தான் வழி சொன்னார். "ஹாஸ்டல் பசங்க எல்லாம் மூணு மணிக்கு எழுந்துதான் படிக்கறானுங்க. அந்த நேரத்துல படிச்சா அப்படியே மண்டையில ஏறிடுமாம்." இதைச் சொன்னவர் ஏழு மணிக்கு முன்னால் ஒரு நாளும் கண் விழித்ததில்லை. இருந்தாலும் நம்பினேன். ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் அலாரம் டைம்பீஸ் ஒன்றை இரவல் வாங்கிவந்து கொடுத்தார்.

என் தூக்கத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பண்ருட்டி சந்தைக்குப் போகிற பலாப்பழ வண்டி எங்கள் வீட்டு வாசலிலிருந்துதான் விடியுமுன் கிளம்பும். நாலு ஆட்கள் கத்திக் கத்திப் பாரம் ஏற்றுவார்கள். பிறந்த வீட்டில் இருந்த அத்தனை வருஷத்திலும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சுமையோடு சுமையாக என்னையும் வண்டியில் ஏற்றியிருந்தால் சந்தையில்தான் கண் விழித்திருப்பேன்.

முதல் நாள் மூன்று மணிக்கு அலாரம் அடித்தது. மாமா எழுந்தார். அத்தை எழுந்தார். பக்கத்து வீட்டில் யாரோ எழுந்து விளக்கைப் போட்டார்கள். கணவர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். என்னை அத்தை வந்து தோளைப் பிடித்து உலுக்கினார். "ஊரையே எழுப்பிட்டு நீ தூங்கறியேடி" என்றார். கோபமாகத்தான் சொன்னார், ஆனாலும் அரிக்கேன் விளக்கை அவரே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

அன்று அடுப்படியில் உட்கார்ந்து நான் செய்த காரியங்கள்: பென்சில் சீவினேன். நோட்டில் முப்பது பக்கத்துக்கு மார்ஜின் போட்டேன். பிள்ளையார் சுழி போட்டேன், அது சரியாக வரவில்லை என்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஒரு முக்கோணம் வரைந்தேன். அதற்கப்புறம் பால்காரர் மணி அடித்ததுதான் ஞாபகம். அந்த முக்கோணம் என் வலது கன்னத்தில் பென்சில் கரியாக ஒட்டியிருந்ததை மாமா காப்பி குடிக்கும்போது கண்டுபிடித்தார்.

இரண்டாவது வாரத்தில் உடம்பு பழகிவிட்டது. அலாரம் இல்லாமலே விழிப்பு வந்தது. தூங்காமல் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது, நாலைந்து கணக்கும் போட்டேன். நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். தெருக் குழாயடியில் எதிர்வீட்டு அக்காவிடம், "நான் தினமும் மூணு மணிக்கே எழுந்துடறேங்க்கா" என்று சொன்னேன். சொல்லும்போது கழுத்து ஒரு சாண் நீண்டிருக்கும் என்று நினைக்கிறேன். டீச்சராவதற்கு முன்பே நாலு பேருக்குப் பாடம் எடுக்க ஆசைப்பட்டதன் பலன் மறுநாளே கிடைத்தது.

"நீ எழுந்துதானே இருக்கே? குழாய்ல நாலரைக்குத் தண்ணி வருது. எங்க கொடத்தையும் வரிசையில வச்சிடு."

வைத்தேன். ஒரு குடம்தானே. அடுத்த வாரம் ஐந்து வீட்டுக் குடங்கள் என் பொறுப்புக்கு வந்தன. பின்வீட்டுக்காரர் கடலூர் கோர்ட்டில் வேலை பார்ப்பவர், முதல் ரயிலுக்குப் போக வேண்டும். அவர் ஜன்னலைத் தட்டி எழுப்புவதும் என் வேலையாயிற்று. மாமா, அடுப்பு எப்படியும் எரியும் என்று அவராகவே முடிவு செய்து, நாலு மணிக்கு வெந்நீர் கேட்டார். குளித்துவிட்டு நடராஜரைப் பார்க்கப் போனார். அதுவரை நடராஜர் அவரைப் பத்து மணிக்குத்தான் பார்த்திருக்கிறார். "ஒன்னால எனக்கு நல்ல பழக்கம் வந்துது" என்று மாமா என்னைப் பாராட்டினார். அத்தை தன் பங்குக்கு, ராத்திரி ஆட்டுகிற இட்லி மாவைக் காலைக்குத் தள்ளிவைத்தார்.

மாசி பிறந்தபோது கணக்குப் பார்த்தேன். மூன்று மணிக்கு எழுந்து நான் செய்யாத வேலை சிதம்பரத்தில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது கணக்கு. பரீட்சைக்கு ஐந்து வாரம்கூட இல்லை. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழும்போதும் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்துவிட்டேன். அந்த வீட்டில் அது நடக்காத காரியம். பகலில் மருமகள் படுத்தால் வீட்டுக்கு மூதேவி வந்துவிடும் என்பது அத்தையின் சட்டம். அவரும் பகலில் படுத்து யாரும் பார்த்ததில்லை. திட்டு விழப்போகிறது என்று தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. கூடத்திலிருந்து மாமா, "ஏம்மா, மோரு" என்று குரல் கொடுத்தார். அப்போது அத்தையின் குரல் கேட்டது.

"அவள கூப்பிடாதீங்க. மூணு மணிக்கு எழுந்தவ. கொஞ்சம் தூங்கட்டும்."

என்னை உள் அறைக்குப் போகச் சொல்லி, கதவையும் சாத்தினார். மறுநாளிலிருந்து அது வழக்கமாயிற்று. ஒரு மணிக்குக் கதவு சாத்தினால் மூன்றரைக்குத்தான் திறக்கும். ஒரு வாரம் நிஜமாகவே தூங்கினேன். ஒரு நாள் புழுக்கத்தில் பாதியில் விழிப்பு வந்தது. இரண்டு மணி இருக்கும். வீடு அமைதியாக இருந்தது. சாமான் தேய்க்கிறவளிடம் அத்தை, "மெதுவா போடு, உள்ள தூங்குது" என்று சொன்னார். எனக்காக ஒரு வீடே பூனை நடை நடந்துகொண்டிருந்தது. பாயை விட்டு எழாமல் கையை நீட்டிக் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். மூன்றரைக்குள் பதினோரு கணக்கு போட்டேன். ஒன்பது சரி.

அதற்கப்புறம் நான் பெரிய மோசக்காரியாகிவிட்டேன். மூன்று மணிக்கு எழுவேன், விளக்கை ஏற்றுவேன், புத்தகத்தை விரித்து அதன் முன்னால் உட்கார்ந்தபடி நன்றாகத் தூங்குவேன். குடம், வெந்நீர், ஜன்னல், மாவு எல்லாம் பார்ப்பேன். படிப்பு மட்டும் அப்போது கிடையாது. மதியம் கதவு சாத்தியதும்தான் எனக்கு விடியும். பென்சில் உரசும் சத்தம் கேட்காதிருக்க நோட்டுக்கு அடியில் தலையணை வைத்தேன். மாமா இருமிக்கொண்டு கதவுப் பக்கம் வந்தால் லேசாகக் குறட்டை விடுவேன். ஒரு தடவை தேற்றத்தின் பாதியில் குறட்டை விட்டு, விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து நிறுவினேன். அதிகாலையை நிறுத்திவிடலாமே என்று தோன்றாமல் இல்லை. அதை நிறுத்தினால் கதவு திறந்துவிடும்.

பரீட்சை கடலூரில். தினமும் கணவர் கூட்டிக்கொண்டு போனார். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். பரங்கிப்பேட்டை வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. "பரீட்சைக்குப் போறவ மாதிரியா இருக்கே?" என்று அவர் கவலைப்பட்டார். கணக்குப் பேப்பர் மதியம் இரண்டு மணிக்கு. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு அல்லவா? ஹாலில் பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. மேற்பார்வைக்கு வந்த டீச்சர் நாற்காலியிலேயே ஆடினார். எனக்கு யாரோ விளக்கை ஏற்றிவைத்த மாதிரி இருந்தது. என் நேரம் அது. ஆட்களும் நாட்களும் வந்த கணக்கை முதலில் போட்டேன்.

பேப்பரில் நம்பர் வந்த அன்று மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார். பிறகு, "ட்ரெயினிங்குக்கு அப்ளிகேஷன் எங்க கெடைக்கும்னு விசாரிடா" என்று கணவரிடம் சொன்னார். அத்தை தெரு முழுக்கச் சொன்னார். எல்லாரிடமும், "மூணு மணிக்கு எழுந்து படிச்சா" என்றே சொன்னார். எதிர்வீட்டு அக்கா, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தன் தம்பியை மறுநாள் முதல் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்ப ஆரம்பித்தார். அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே அத்தை சொன்னார்: "இனிமே மூணு மணிக்கு எழுந்துக்க வேணாம். ஒடம்பு கெட்டுப்போவும். கொடத்த அவங்கவங்களே வச்சிக்கட்டும்."

எனக்குத் திக்கென்றது. "இல்லத்தே, பரவால்ல. நான் எழுந்துக்கறேன்."

"எதுக்கு? அதான் பாஸாயிட்டியே."

எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. பாஸான பிறகு சாத்திய கதவு எதற்கு? பழகிவிட்டது, அவ்வளவுதான். அத்தை கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் நல்ல பொய்க்காரி இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையணை, பென்சில், குறட்டை உட்பட. சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தை திட்டவில்லை. "ரெண்டரை மணி நேரம்" என்றார். "கதவ சாத்திகினு."

"ஆமாத்தே."

"யாருமே கூப்பிடல."

"இல்லத்தே."

"முப்பத்தஞ்சு வருசமா எனக்கு இது தோணல பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்தார்.

மறுநாள் பழக்கத்தில் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. அடுப்படியில் அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் அத்தை உட்கார்ந்திருந்தார். கையில் வேலை ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்து, "நீ போய்ப் படு" என்றார்.

மதியம் எல்லாரும் சாப்பிட்டதும், "நான் இன்னிக்கு மூணு மணிக்கு எழுந்தேன்" என்று கூடத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டு, உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் சாய்வு நாற்காலியிலிருந்து, "ஏ, இங்க வா, கண்ணாடியக் காணோம்" என்று குரல் வந்தது. நான் போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"அவுங்கள கூப்பிடாதீங்க மாமா. மூணு மணிக்கு எழுந்தவங்க" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார், சாத்தியிருந்த கதவைப் பார்த்தார், பிறகு அவரே எழுந்து கண்ணாடியைத் தேடப் போனார். உள்ளே அத்தை தூங்கினாரா, சும்மா விழித்துக்கொண்டு படுத்திருந்தாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.