ஒரிஜினல்காரருக்கு ஒரு வெளிக்கம்பெனி பேரிங்

அந்த பைக் மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் ஒரிஜினல். கம்பெனி முத்திரை இல்லாத சாமானைப் பட்டறை வாசலிலேயே நிறுத்திவிடுவார். "வெளிக்கம்பெனி நட்டைக்கூட நான் தொடமாட்டேன்" என்பார். நல்ல கைகாரர்தான். வாய்தான் கைக்கு முன்னால் ஓடும்.

அந்த வாயால்தான் அண்ணனை இழந்தார். இரண்டு தெரு தள்ளி அண்ணனுக்கு உதிரிபாகக் கடை. கம்பெனி சாமானும் உண்டு, விலை குறைந்த வெளிக்கம்பெனி சாமானும் உண்டு. அங்கே யாரோ வாங்கி மாட்டிய ஒரு வெளிக்கம்பெனி செயின் சீக்கிரமே அறுந்துபோனது. கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்துப் போய், "டூப்ளிகேட் வித்து வயிறு வளக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று தம்பி கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? வருஷங்கள் ஓடின. அண்ணனும் வேண்டும், வீறாப்பும் வேண்டும் என்றால் எப்படி? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அண்ணன் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து, சுற்று வழியிலேயே வீட்டுக்குப் போய் வந்தார்.

அப்போதுதான் ரொட்டிக்காரரின் பழைய பைக் பட்டறைக்கு வந்தது. முன்சக்கரம் ஊளையிட்டது. கழற்றிப் பார்த்தால் பேரிங்குக்குள் குண்டுகள் தேய்ந்து கடகடவென்று ஆடின. கம்பெனியோ அந்த மாடலையே கைகழுவிவிட்டது. அந்த அளவில் வெளிக்கம்பெனி பேரிங்தான் கதி. ஊர் முழுக்க விசாரித்ததில் அது இருந்தது ஒரே கடையில். எந்தக் கடை என்று சொல்ல வேண்டியதில்லை. ரொட்டிக்காரர் பாவம், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ரொட்டி விற்றுக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் பழைய பேரிங்கைத் துணியில் சுற்றி மனைவியிடம் கொடுத்தார். "யாருக்குன்னு சொல்லாத. வாங்கிட்டு வந்துடு. வேற எந்தப் பேச்சும் வேணாம்."

"ஆமா, உங்க அண்ணனுக்கு என்னை அடையாளமே தெரியாது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கொண்டுவந்த பேரிங் சக்கரத்துக்குள் இறங்கவில்லை, பெரிது. மறுநாள் மாற்றிக்கொண்டு வந்ததில் அச்சு நுழையவில்லை, துளை சிறிது. ஒரிஜினலுக்குக் கோபம் தலைக்கேறியது.

"பழசைக் கையில வாங்கினதுமே நம்பர் சொல்ற மனுஷன் அவரு. ரெண்டு தடவையுமா தப்புப் பண்ணுவாரு?"

"தெரியாமலா குடுப்பாரு?" என்றாள் மனைவி, காய்ந்த துணிகளை மடித்தபடி.

"என்னதான் சொன்னாரு?"

"பொருந்தலேன்னா மாட்டுறவரே வந்து மாத்திக்கட்டும்னாரு. ரெண்டு தடவையும் அதேதான்."

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"வேற எந்தப் பேச்சும் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. பிறகு கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினார். சுற்று வழியில் இல்லை, நேர் வழியில்.

அண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது. மெக்கானிக் இரண்டு பேரிங்கையும் மேசைமேல் வைத்தார். "ரெண்டும் சேரல."

அண்ணன் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். "இது சேரும். நேத்தே எடுத்து வச்சுட்டேன்."

மெக்கானிக் அதைப் பிரித்து விரலில் மாட்டிச் சுழற்றினார். சத்தமே இல்லை. எந்தக் கம்பெனி என்று அவர் கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"அன்னிக்கு நான் பேசினது தப்புண்ணே."

"செயின் மட்டம்தான்டா. அந்தச் சரக்கை அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டேன். அதை நீ என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

தம்பி தலையாட்டினார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"இனிமே மொதல்லயே சரியானதைக் குடுத்துடுண்ணே. நானே வருவேன்."