கற்பூரம் அணைந்த கிணறு

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. எனக்குக் கதை கட்டத் தெரியாது. நாற்பது வயதுக்குப் பிறகுதான் எழுத்துப் பழகினேன், அதுவும் மகள் யதுர்ஷிகா படிக்கும்போது பக்கத்தில் இருந்து. அதனால் நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

என் பெயர் வீரையா. கிளிநொச்சிப் பக்கம் பழைய கிணறுகளில் சேறு அள்ளுவது என் தொழில். இறங்குவதற்கு முன் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தேங்காய்ச் சிரட்டையில் கற்பூரம் கொளுத்தி, கயிற்றில் கட்டி, மெதுவாக உள்ளே விடுவோம். அடிவரை எரிந்தால் முனி உத்தரவு கொடுத்துவிட்டார். அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்குவதில்லை. என் தகப்பன் மலைநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த வழக்கம்.

மகள் அப்போது உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அது முனி இல்லை அப்பா. காபனீரொட்சைட்டு எண்ட வாயு. காத்தை விடப் பாரம், அடியில தேங்கி நிக்கும். ஒட்சிசன் இல்லாட்டி நெருப்பும் எரியாது, ஆளும் தப்பேலாது."

என் மனைவி ஞானேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "முனியை வாயு எண்டு சொல்லுற படிப்பு எங்களுக்கு வேண்டாம். கலைப் பிரிவுக்கு மாத்தி விடுங்கோ இவளை."

"வாயு எண்டாலும் கற்பூரம் கொளுத்தத்தானே வேணும் அம்மா. நான் அதை விடச் சொன்னனானே?"

"வாய் மட்டும் குறைவில்லை."

மாற்றுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் கிழமைதான் கண்டாவளைக் கிணறு வந்தது.

சிவலட்சுமி அக்கா என்று ஒருவர் அந்தக் காணியைப் புதிதாக வாங்கியிருந்தார். அவர் இருப்பது டவுனில். காணியைச் சுற்றி அறுவடை முடிந்த வயல். வீடு வாசல் ஒன்றும் கிட்ட இல்லை. நானும் சுதாகரனும் போனோம். அவன் எனக்குக் கயிறு பிடிக்கிறவன். போன மாதம்தான் தகப்பனாகியிருந்தான்.

கற்பூரத்தை இறக்கினேன். பாதிக் கிணறுகூடப் போகவில்லை... அணைந்தது. காற்றில் அணைகிற மாதிரி ஆடவில்லை. இரண்டு விரலால் நசுக்கின மாதிரி. புகைகூட மேலே வராமல் உள்ளேயே தட்டையாகப் படுத்துக் கிடந்தது.

"உங்கட முனிக்கு இண்டைக்கு லீவு போல அண்ணை" என்றான் சுதாகரன்.

"பகிடி விடாதை."

"என்ரை நெத்தி டோர்ச் அணையாது. நான் ஒருக்கா இறங்கிப் பாக்கட்டே?"

"காலை முறிப்பன். சந்திக்குப் போய்க் காத்து ஊதுற மெசினைக் கொண்டா."

முணுமுணுத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் போவதை நான் பார்த்தேன். அதை இப்போதும் சத்தியம் பண்ணுவேன்.

உச்சி நேரம். வேம்புக்குக் கீழே இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். பார்சல் பிரித்தால் எங்கிருந்தாவது ஒரு காகம் வரும். அன்று வரவில்லை. இலைகூட அசையவில்லை.

தொளக்...

தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம்.

"அண்ணை..."

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"நான் இறங்கிட்டன் அண்ணை. காத்து நல்லாக் கிடக்கு. வாங்கோ."

சுதாகரனின் குரல். ஓடிப்போய்ப் பார்த்தேன். கிணற்றுக் கட்டில் அவனுடைய செருப்பு. வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டின அதே செருப்பு. கீழே இருட்டு. இருட்டுக்கும் கீழே ஒரு வெள்ளை வெளிச்சம். டோர்ச் வெளிச்சம். அசையவில்லை.

சொல்வழி கேளாமல் களவாகத் திரும்பி வந்து இறங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"ஏறடா மேல."

"கால் சேத்துக்குள்ள புதைஞ்சிட்டுது. வந்து தூக்கி விடுங்கோ."

ஆள் வரட்டும் என்று கத்தினேன். வயல் முழுக்க வெயில்தான். கயிற்றை வேம்பில் கட்டினேன். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். வைத்தபடியே போனை எடுத்தேன். நான் முதன்முதல் எழுத்துக் கூட்டி வாசித்த பெயர் மகளுடையது. அந்தப் பெயரைத்தான் அழுத்தினேன்.

"பிள்ளை, சுதா கிணத்துக்குள்ள இறங்கிட்டான். கற்பூரம் அணைஞ்ச கிணறு. நான் இறங்கப்போறன். நீ ஆக்களை அனுப்பு."

"நில்லுங்கோ அப்பா. எங்க அணைஞ்சது?"

"பாதிக்கு மேலயே."

"அவர் கதைக்கிறாரோ?"

"ஓம். விடாமக் கதைக்கிறான்."

"எவ்வளவு நேரமா?"

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் இருக்கும்."

அவள் குரல் நடுங்கியது.

"திரும்பக் கற்பூரம் இறக்குங்கோ."

"அவன் சாகப்போறான் பிள்ளை."

"இறக்குங்கோ அப்பா."

காலை வெளியே எடுத்தேன். நெருப்புக்குச்சி மூன்று தரம் தவறியது. கொளுத்தி இறக்கினேன்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"கற்பூரம் எதுக்கு அண்ணை..."

அதே இடம்.

அணைந்தது.

"அணைஞ்சிட்டுது" என்றேன். அழுதுவிட்டேன்.

"அந்த இடத்துக்குக் கீழ நிக்கிற ஆள் இவ்வளவு நேரம் கதைக்கேலாது அப்பா. எப்பவோ மயங்கி விழுந்திருக்கோணும். அங்க கதைக்கிறது... எனக்குத் தெரியேல்ல. ஆள் இல்லை. இறங்காதேங்கோ."

போன் கட்டாகிவிட்டது.

ஒரு பக்கம் மகள் சொன்னது. மற்றப் பக்கம் என் காதில் விழுவது. அவன்தான் என்றால் நான் அவனைச் சாக விட்டவன்.

"அண்ணை... என்ரை பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கேல்ல."

முனியே என்று கிணற்றுக் கட்டை இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் கவனித்தேன்.

அந்தக் குரல் மூச்சு வாங்கவில்லை.

ஒரு தரம்கூட.

"வாங்கோ அண்ணை."

கிட்டக் கேட்டது.

"வாங்கோ..."

இன்னும் கிட்ட...

ஒழுங்கையில் ஓட்டோச் சத்தம். குரல் பாதியில் நின்றது. வெளிச்சமும் இல்லை.

ஓட்டோவிலிருந்து சுதாகரன் மெசினோடு இறங்கினான். காலில் செருப்பு. கம்பி போட்டுக் கட்டின செருப்பு.

"என்ன அண்ணை, முகம் வெளிறிக் கிடக்கு?"

கிணற்றுக் கட்டைத் திரும்பிப் பார்த்தேன். செருப்பு இல்லை. ஈரக் காலடி இரண்டு இருந்தது. விரல்கள் என் பக்கம் பார்த்தபடி.

அன்றே சாமான்களை ஏற்றிவிட்டோம். வரும் வழியில் பக்கத்து வயல்காரர் சிற்றம்பலம் மறித்தார்.

"இறங்கினீங்களோ?"

"இல்லை ஐயா."

"நல்லது. முந்தி அண்ணன் தம்பி ரெண்டு பேர் இந்தக் கிணத்தைக் கலக்கிச் சேறு அள்ள வந்தவை. நான்தான் கயிறு பிடிச்சனான். தம்பிக்காரன் டோர்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்கினவன், உடனையே குப்புற விழுந்திட்டான். நான் கண்ணால கண்டனான். அதுக்குப் பிறகும் 'காத்து நல்லாக் கிடக்கு, வா அண்ணை' எண்டு குரல் வந்தது. அண்ணன்காரனை என்னால பிடிக்க முடியேல்ல."

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். கலைப் பிரிவு என்ற கதையை ஞானேஸ்வரி அதற்குப் பிறகு எடுக்கவில்லை. விளக்கு வைக்கும்போது மகளின் நெற்றியிலும் திருநீறு பூசிவிடுகிறாள். மகளும் தடுப்பதில்லை.

ஆனால் மகள் அந்தக் கிணற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. பரீட்சை முடிந்த பிறகுதான் சொன்னாள்.

"அப்பா, அண்டைக்குப் போனில ரெண்டு குரல் கேட்டது."

"மற்றது சுதான்ர குரல்."

"இல்லை. ரெண்டும் உங்கட குரல்தான்."

நான் அவளைப் பார்த்தேன்.

"ஒண்டு, சுதா கதைக்கிறான் எண்டது. மற்றது, 'போனை வை பிள்ளை, அப்பா இறங்கிட்டன், காத்து நல்லாக் கிடக்கு' எண்டது."

"எது நான் எண்டு எப்பிடிக் கண்டனீ?"

"காணேல்ல. அதுதான் கற்பூரம் இறக்கச் சொன்னனான். எந்தக் குரல் அணைஞ்சிட்டுது எண்டு சொல்லுதோ, அதுதான் அப்பா எண்டு நினைச்சன். மற்றது காத்து நல்லாக் கிடக்கு எண்டுதானே சொல்லும்."

"உன்ரை புத்தகத்தில இதுக்கு ஏதும் இருக்கோ?"

"இல்லை அப்பா."

சிவலட்சுமி அக்கா அந்தக் கிணற்றுக்கு வேறு ஆட்களைத் தேடுகிறார் என்று கேள்வி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கண்டாவளைப் பக்கம் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வீரையா கூப்பிடுவது கேட்டால், அது நான் இல்லை.

கற்பூரம் இறக்கிப் பாருங்கள்.