முழங்கால் உயர அலமாரி

சிதம்பரத்தில் கடலூர் பேருந்துக்கு நின்றிருந்தபோதுதான் தகவல் வந்தது: நெஞ்சுவலியில் கற்பகம் டீச்சர் போய்விட்டாள். நாற்பத்தோரு வயது. இதெல்லாம் ஒரு நியாயமா? ஒன்பது வருடம் ஒரே பள்ளியில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு.

என் மகனுக்காக ஓர் அறையை அலங்கரித்து அவளை ஒருமுறை பெருமையாக அழைத்தேன். சுவரெல்லாம் யானைப் படம். கண்ணாடி ஷோகேஸில் உறைகூடப் பிரிக்காத பொம்மைகள், பூட்டு வேறு. கற்பகம் தரையில் உட்கார்ந்து, இதில் உன்னுடையது எது என்று அவனிடம் கேட்டாள். அவன் என்னிடம் வந்து சாவிக்குக் கை நீட்டினான். "கேட்டு வாங்கணும்னா அது அவுங்களுது இல்ல டீச்சர்," என்றாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பூட்டைக் கழற்றிவிட்டேன்.

கடலூர் செம்மண்டலத்தில் அவள் வீட்டு ஹாலில், நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலோரம் பிள்ளைகளுக்குத்தான். மகள் மலரைக் கையைத் தூக்கச் சொல்லி, விரல் எட்டிய இடத்தில் பென்சில் கோடு போடுவாள். பை மாட்டும் ஆணி அதற்குக் கீழேதான். புத்தக அலமாரி முழங்கால் உயரம். வருடா வருடம் கோடு ஏறும், ஆணியும் ஏறும். சோபா போட இடமில்லையே என்று உறவுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். "வர்றவுங்க ஒரு மணி நேரம் இருப்பாங்க. இதுங்க இங்கயேதான இருக்குதுங்க," என்பாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். கோடு ஒன்றுகூட இல்லை. அலமாரி பரண்மேல். ஜன்னலோரம் சோபா. "இப்பதான் வூடு வூடு மாதிரி இருக்குது," என்றார் அவள் கணவரின் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று அங்கே வந்திருந்து, இப்போது இதைப் படிக்கும் உங்களையும்தான் சொல்கிறேன். அந்த சோபாவில் உட்கார்ந்துகொண்டுதானே, பிள்ளைகளை எப்படி வளர்த்தாள் என்று உருகினீர்கள்?

மலர் என் புடவையை இழுத்தாள். "ஆன்ட்டி, என் கலர் பென்சில் மேல இருக்கு. எடுத்துக்கலாமான்னு பெரியப்பாவக் கேட்டுச் சொல்றீங்களா?"

நான் யாரையும் கேட்கவில்லை. நாற்காலி போட்டு ஏறினேன். கீழே நின்று அலமாரியை வாங்கியது அவள் கணவர். சோபாவை நகர்த்தியதும் அவர்தான். மலரைச் சுவரோரம் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னேன். புது வெள்ளையில் அழுத்திக் கோடு போட்டேன்.

கற்பகத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம். அடுத்த வருடமும் பென்சிலோடு போவேன்.