கத்தரிக்காய்க்கு எந்த ஊர்?

யப்பானில் ஊருக்கு ஊர் ஒரு பொம்மை உண்டாம். அங்கே விளைகிற காயோ கனியோ கைகால் முளைத்து, ஆள் உயரத்தில் நடந்து திரியுமாம். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நாங்கள் வந்து குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தில், புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியில் என் மனைவி வேலை செய்யும் யப்பானியக் கடைக்கு ஒரு சனிக்கிழமை அப்படியொரு கத்தரிக்காய் வந்தது. வந்தது உடுப்பு மட்டும்தான். அதற்குள் புக அளவான ஆள் என் மனைவி. உள்ளே இருப்பவருக்குக் கண் சரியாகத் தெரியாது, கைபிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அந்த உத்தியோகம் எனக்கு. முதலாளியம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கத்தரிக்காய் வாய் திறக்கக்கூடாது. யாரிடம் போய் இதைச் சொல்கிறா என்று நினைத்துக்கொண்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். என்னை அசத்தியவர்கள் யப்பானியர்கள்தான். வளர்ந்த மனிதர்கள் குனிந்து வணங்கி, தூரப் பயணம், களைத்துப்போயிருப்பாய் என்று அதனிடம் நலம் விசாரித்தார்களாம்; முதலாளியம்மாதான் எனக்கு விளக்கினா. உள்ளே யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆள் இருப்பது தெரிந்தும் கேளாத அந்த மரியாதையில் நான் சொக்கிப்போனேன்.

பிறகு ஒரு முதியவர் மகளோடு வந்தார். கத்தரிக்காயைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அது அவருடைய சொந்த ஊர்ப் பொம்மை, இனி அந்த ஊருக்குப் போக அவருக்கு உடம்பு இடம் தராது என்று மகள் எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள். அவர் அதன் கையைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் கதைத்தார், கதைத்தார், கண் கலங்கக் கதைத்தார். கத்தரிக்காய் தலையை ஆட்டிக்கொண்டே நின்றது.

பார்த்து அந்த நேரம்தானா லாசாலில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் அண்ணை வரவேண்டும்! அவருடைய குரல் வேறு ஒலிபெருக்கி. மனுசி எங்கே என்று என்னிடம் கேட்டார். வேலையில் நிற்கிறா என்றேன், பொய் இல்லையே. அவர் கத்தரிக்காயை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் ஆட்களுக்கு இதைக் கேட்காவிட்டால் சோறு செமிக்காது.

"உள்ளுக்க ஆர்? எங்கட ஆளோ? எந்த ஊர்?"

இவள் பழக்கதோஷத்தில் உள்ளே இருந்து ஊரைச் சொல்லிவிட்டால், அந்த மனிதருக்குக் கிடைத்த ஊர் அந்த இடத்திலேயே பறிபோய்விடும். நான் முந்திக்கொண்டேன்.

"இந்த ஐயாவின்ர ஊர், அண்ணை."

அண்ணை அந்த முதியவரின் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கத்தரிக்காயின் மற்றக் கையை மெல்லக் குலுக்கிவிட்டுப் போனார்.

கடையின் பின்னறையில் தலையைக் கழற்றியபோது என் மனைவி வேர்வையில் குளித்திருந்தாள். தண்ணீரை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அந்த ஐயா சொன்னது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றாள். "சாப்பிட்டியளோ எண்டு கேக்க வாய் உன்னிக்கொண்டு வந்தது. அடக்கிப்போட்டன்."