கையை எடுத்தால்தான் எடை தெரியும்

பழைய நகை வாங்கும் கடைக்கு வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, தராசைத்தான் பார்ப்பார்கள். சின்னமனூரில் அப்படி ஒரு கடையில் தராசுக்குப் பின்னால் உட்காருகிறவள் நான். எடுக்காத பொருளுக்குச் சந்தேகப் பார்வை வாங்கிக் கட்டிக்கொள்கிற எல்லோருக்கும் என் பாடு புரியும். இந்த வருஷம் கூடுதலாக ஒரு கவலை. மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. பீஸுக்கு என் கல்யாணச் செயினை விற்றாக வேண்டும். ஊரார் நகையையெல்லாம் எடை போட்ட எனக்கு, என் செயினை யார் கையில் நம்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. பார்த்ததெல்லாம் அப்படி.

அரக்கு

பண்ணைப்புரம் பக்கமிருந்து அக்கா தங்கச்சி இரண்டு பேர், இறந்துபோன அம்மாவின் தண்டட்டியைக் கொண்டுவந்தார்கள். காதைத் தோள்வரை இழுத்துத் தொங்குகிற கனம். அந்தக் கனத்தை நம்பி, ஆளுக்கு ஒரு சங்கிலி எடுத்துக்கொள்வதாக வரும் வழியிலேயே பேசி முடித்திருந்தார்கள். மேலே இருக்கிற தகடுதான் தங்கம், உள்ளே முழுக்க அரக்கு என்று நான் சொன்னதும் இருவர் முகமும் மாறிவிட்டது. கண் முன்னாலேயே சூடு பண்ணிக் காட்டச் சொன்னார்கள்.

எங்கள் பட்டறைக்காரர் காட்டினார். அரக்கு உருகித் தட்டில் கறுப்பாகக் குவிந்தது. தங்கம் காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டு கிடந்தது. நான்தான் அரக்கை உள்ளே அடைத்த மாதிரி தங்கச்சி என்னை முறைத்தாள். அக்கா ஆறின அரக்கைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டாள்: "நம்ம ஆத்தா காது தோளத் தொட்டது இதுக்குத்தானாடி?"

பிடி விடாதவர்

மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஒருவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். சம்சாரத்தின் அறுந்துபோன செயின். ஃபேன் காற்றில் எடை ஆடும் என்றார், நிறுத்தினேன். தராசில் சைபரைக் காட்டச் சொன்னார், காட்டினேன். என் வளையல் தட்டில் இடிக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். அதுவும் சரி. ஆனால் செயினின் ஒரு முனையை மட்டும் விடவே இல்லை. எண் ஏறுகிறது, இறங்குகிறது, நிற்க மாட்டேன் என்கிறது.

பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். முதலாளி வேறு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. கையை எடுத்தால்தான் எடை தெரியும் என்று தயவாகச் சொன்னேன். அவரும் தயவாகத்தான் சொன்னார்: "கைய எடுத்தா நீங்க சொல்ற எடைதானம்மா தெரியும்."

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமையில் வீட்டுத் தங்கத்தை வெளியே கொடுக்க எங்கள் பக்கம் மனசு வராது. அன்றைக்குக் கடை காற்றாடும். ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவை டாலர் போட்ட டீச்சர் ஒருவர் கல் விழுந்த கம்மலை விற்க வந்தார். வந்த வியாபாரத்தை வாங்காமல், நாளைக்கு வந்திருக்கலாமே என்று நான் இழுத்தேன். என் வாய் அப்படி. அவர் சிரித்தார். "வெள்ளிக்கிழமைதாங்க்கா கேட்டதுக்கெல்லாம் நீங்க பொறுமையாப் பதில் சொல்றீக."

என் செயின்

எங்கள் கடையிலேயே விற்றிருக்கலாம். ஆனால் முதலாளி பாவம் பார்த்துக் கூட்டிப் போட்டால் காலத்துக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். குறைத்துப் போட்டாலோ மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? யாரும் வருவதற்கு முன்னால் எங்கள் தராசில் செயினைப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். டீச்சர் சொன்னது ஞாபகம் வர, சாமியிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினேன்.

அந்தக் கடையில் தராசுக்குப் பின்னால் என் மகள் வயசில் ஒரு பெண். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். சைபரைக் காட்டச் சொன்னேன். வளையலைத் தள்ளிக்கொள்ளச் சொன்னேன். உருக்கப் போனபோது பின்னாலேயே போய், தங்கத்தை உருக்கி ஊற்றின மூசைக் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டச் சொன்னேன். எடை எங்கள் தராசில் கண்டதற்கு ஒத்து வந்தது, விலையும் அன்றைய விலைதான். அப்படியும் கணக்கை மறுபடி போடச் சொன்னேன். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் போட்டுக் காட்டிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நீங்க எந்தக் கடையில வேல பாக்குறீக?"

பீஸும் கட்டியாகிவிட்டது, சரியான விலை கிடைத்தது என்றும் எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த மூசையின் அடியில் ஒரு பொட்டுத் தங்கம் ஒட்டிக்கொண்டிருந்திருக்குமோ என்கிற நினைப்பு மட்டும் இன்னும் போகவில்லை.