நான்கு விரல் இடம்

என் தங்கை பாத்திரத் தொழிற்சாலையில் கைப்பிடிகளைச் சோதிப்பவள். சமீபம்வரை, பதினாறு வருடமாக அவள் முத்திரை குத்தாமல் ஒரு கெட்டில்கூட வெளியே போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

உள்ளங்கையில் சோப்பு நீரைத் தடவிக்கொண்டுதான் எதையும் தூக்குவாள். வாணலியின் நீளப்பிடி, வாணலி காலியாக இருந்தாலும் தன் பாரத்தால் அதை அடுப்பில் சாய்க்கக் கூடாது. குண்டாவின் காதுக்குள் கனத்த துணியோடு விரல் நுழைய வேண்டும். கெட்டில் பிடிக்குள் நான்கு விரலும் போக வேண்டும். விரல் முட்டி கெட்டிலின் உடம்பில் படக் கூடாது.

போன மாதம் முதலாளியின் மருமகன் புதுக் கெட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். பிடி மெல்லிசாக, வளைந்து, பார்க்க அழகுதான். இரண்டு விரலுக்கு மேல் நுழையவில்லை. இவள் முத்திரையைத் தொடவே இல்லை.

"உங்க விரல் தடிமன்மா. அதுக்குக் கெட்டில் என்ன பண்ணும்?" என்று சிரித்தாராம்.

என் தங்கையின் விரலைப் பற்றிப் பேச இவர் யார்? கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளோ அந்தக் கெட்டிலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் நிரப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே தூக்கி ஊத்துங்க சார். உடனே குத்திடறேன்."

அவர் கைக்குட்டையை எடுத்துப் பிடியில் சுற்றினார்.

"கர்ச்சீப்பும் சேத்தா விக்கப் போறீங்க?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். மறுநாளே அவளைப் பெட்டி ஒட்டும் அறைக்கு மாற்றினார்கள். முத்திரை கிடங்குக்காரரிடம் போனது. கைப்பிடிக்கும் தாழ்ப்பாளுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு குத்தினார்.

"நான் வந்து நாலு வார்த்தை கேக்கறேன்டி" என்றேன்.

"சும்மா இரு அக்கா. நீ ஆரம்பிச்சா நாலோட நிக்காது."

மூன்றாவது வாரம், போன கெட்டில்களில் பாதி திரும்பி வந்தன. முட்டி வெந்த கையோடு ஒரு பெண் கடையில் நின்று கத்தியிருக்கிறாள். என் தங்கை பேச்சைக் கேட்டிருந்தால் அந்தக் கை வெந்திருக்குமா? பழைய பிடியையே போடச் சொன்னார் முதலாளி. "டிசைன்ல சின்னத் திருத்தம்" என்றார் மருமகன். தவறு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. இவளைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை அவளே போய்ச் சோதனை மேசையில் உட்கார்ந்தாள்.

"யாரைக் கேட்டு இங்க உக்காந்தீங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"திரும்பி வந்த பெட்டியெல்லாம் நான்தான சார் பிரிச்சேன்? இன்னொரு தடவை பிரிக்க என்னால ஆகாது."

அவர் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கே பன்னிரண்டு கெட்டில்களை வேண்டாமென்று ஒதுக்கினாள். இதுவரை ஒருவரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளை அங்கிருந்து எழுப்பிப் பார்க்கட்டும். அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்.